ஏட்டுச் சுரைக்காய்... கறிக்கு உதவுமா?

விவசாயக் கொள்கை ஆராய்ச்சி என்று ஒரு துறை இருக்கிறது. அதில் நெல் விளையாது, மாடு கறக்காது. விளைவதெல்லாம் பேப்பர்... பேப்பர்... பேப்பர்தான்! அந்த பேப்பர் யார் வீட்டு அடுப்பிலாவது உலை வைத்திருக்கிறதா? கென்யாவிலும் பங்களாதேஷிலும் வியட்நாமிலும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் சில பேர். செம சுவாரஸ்யமான அந்தக் கணக்கு உங்களுக்காக இங்கே!

நைரோபி நகரம். 2000-ம் வருஷம் வாக்கில் ஒரு காலை நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கேன்கள் ஆட, ஒருவர் வேகவேகமாக மிதித்துக்கொண்டு வருகிறார். கேன் முழுக்க அன்று காலை கறந்த பால். மெயின் ரோடு வந்ததும் அவர் கண்கள் இடது, வலது என்று அலைபாய்கின்றன. அதிகாரிகள் கையில் சிக்கினால் கேன் பறிமுதல். இல்லாவிட்டால் தார் ரோட்டுக்குப் பாலாபிஷேகம். இரண்டும் வேண்டாம் என்றால், பாக்கெட்டுக்குள் கையை விட வேண்டும்.

அப்படி என்னங்க தப்பு பண்ணிட்டார்? லைசென்ஸ் இல்லாமல் பச்சைப் பால் விற்றார். அவ்வளவுதான். 'லைசென்ஸை வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே?' என்று கேட்கிறீர்களா? அங்கேதான் ட்விஸ்ட். லைசென்ஸ் வேண்டுமென்றால் நிலையான கடை வேண்டும், கட்டடம் வேண்டும். சைக்கிளையே கடையாக வைத்திருக்கிற ஆள் கட்டடத்துக்கு எங்கே போவார்?

இத்தனைக்கும் அந்த நாட்டில் விற்பனைக்கு வந்த பாலில் 80 சதவிகிதத்துக்கும் மேல் இப்படிப்பட்ட ஆட்கள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நம்மைப் போலவே கென்யாக்காரர்களும் டீ பைத்தியங்கள். அவர்கள் மொழியிலும் அதற்குப் பெயர் 'சாய்'தான். பால் ஊற்றிக் கொதிக்கவிட்ட டீ இல்லாமல் அங்கே பொழுது விடியாது. ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் லட்சக்கணக்கான குடும்பங்கள் பால் கறக்க, சைக்கிள்காரர்கள் கொண்டு போக, ஏழை வீடுகள் பாக்கெட் பாலைவிட மலிவாக வாங்கிக் குடிக்க... நாடே இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டம் மட்டும், 'இவங்கெல்லாம் திருடங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மாடு பார்க்கப் போனவர்கள் சட்டத்தைப் பார்த்தார்கள்

1997-ல் கென்யாவில் ஒரு ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 'சிறு பண்ணைப் பால் திட்டம்' என்று தமிழில் சொல்லலாம். கென்யாவின் கால்நடைத் துறை, அந்த நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் என்று மூன்று பேர் கூட்டணி. பணம் கொடுத்தது பிரிட்டன். 2005 வரை ஓடியது.

சின்ன விவசாயியின் வருமானம் ஏறவேண்டும் என்பதுதான் நோக்கம். தீவனம், மாடு, கறவை என்று போய்க்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் பொறி தட்டியது. பால் கறப்பதில் மட்டும் பிரச்னை இல்லை. கறந்த பாலை விற்கிற இடத்தில் பெரிய முட்டுக்கட்டை இருக்கிறது. அந்த முட்டுக்கட்டைக்குப் பெயர் சட்டம்.

உடனே கொடி பிடிக்கவில்லை. சாம்பிள் பிடித்தார்கள்! பண்ணை, சைக்கிள்காரர், கடை, வீடு என்று ஒவ்வொரு கட்டத்திலும் பாலைப் பரிசோதித்தார்கள். வாங்குகிறவர்களிடம் கேள்வி கேட்டார்கள். கிடைத்த பதில்கள் எளிமையானவை. பச்சைப் பாலில் கிருமி இருக்கிறது, உண்மை. ஆனால், ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள். இன்னொரு பக்கம், பதப்படுத்திய பாக்கெட் பால் எல்லாமும் தரத்தில் பாஸாகிவிடவில்லை. ஸோ, சைக்கிள்காரரைத் துரத்துவதைவிட அவருக்குப் பயிற்சி கொடுத்து, சுத்தமான உலோகக் கேன் பிடிக்கச் சொல்லி, லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்து, கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது.

பெரிய பால் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 2003-ல் 'பாதுகாப்பான பால்' என்று பிரசாரம் தொடங்கினார்கள். பச்சைப் பால் ஆபத்து என்பதுதான் அதன் சாராம்சம். ஆராய்ச்சிக்காரர்கள் தங்களிடம் இருந்த டேட்டாவை எடுத்துக்கொண்டு தொண்டு நிறுவனங்களோடு கைகோத்தார்கள். 2004-ல் நைரோபியில் அமைச்சகம், வாரியம், விவசாயிகள், வியாபாரிகள் எல்லோரையும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரவைத்துப் பேசினார்கள். அதே வருஷம் கென்ய பால் வாரியம் இறங்கி வந்தது. பயிற்சி முடித்த சின்ன வியாபாரிக்கும் லைசென்ஸ்!

சுபம் போட்டுவிடலாமா? இருங்க பாஸ். இனிமேல்தான் நம் கதையே.

23 கோடி டாலர் எங்கிருந்து வந்தது?

சட்டம் மாறியதால் நாட்டுக்கு எவ்வளவு லாபம்? அந்த லாபத்தில் ஆராய்ச்சிக்குப் பங்கு எவ்வளவு? 2000-களின் கடைசியில் ஒரு குழு இதைக் கணக்குப் போட்டது. லஞ்சம் குறைந்தது, கொட்டிப்போன பால் குறைந்தது, பறிமுதல் குறைந்தது. அதனால் மாட்டுக்காரருக்கும் டீ குடிக்கிறவருக்கும் நடுவில் கரைந்துபோன காசு மிச்சமானது. இப்படியெல்லாம் கூட்டிப் பார்த்ததில் வருஷத்துக்குச் சுமார் 3.3 கோடி டாலர் நன்மை என்று வந்தது. இதில் பாதிக்கும் மேல் போனது மாட்டுக்காரர்களுக்கும் வாங்கிக் குடிப்பவர்களுக்கும்தான். 1997-ல் தொடங்கி 2039 வரை வருகிற நன்மையை எல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 23 கோடி டாலர்!

'இன்ஜினீயரிங் எகனாமிக்ஸ்' பேப்பர் எழுதிய மக்களுக்கு இது புரியும். நாளைக்கு வரப்போகிற 100 ரூபாயை இன்றைக்கு 100 ரூபாய் என்று எண்ணக் கூடாது, வட்டிக்கணக்கில் தள்ளுபடி செய்ய வேண்டும். 'நெட் பிரசன்ட் வேல்யூ' என்று பிட் பேப்பரில் எழுதிக்கொண்டு போவோமே, அதேதான். அந்த 2039 என்ற வருஷத்தை மட்டும் மனசில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இப்போது ஒரு அடிப்படைக் கேள்வி. இதையெல்லாம் எதற்கு அளக்க வேண்டும்? ஏனென்றால், ஏழை நாடுகளுக்கான ஆராய்ச்சிப் பணம் அளவோடுதான் வரும். அந்தப் பணத்தில் புது நெல் ரகம் கண்டுபிடிக்கலாம், மாட்டுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கலாம். அதை விட்டுவிட்டு, 'இந்தச் சட்டத்தை மாத்துங்க சார்' என்று எழுதுகிற பொருளாதார நிபுணருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? பணம் கொடுப்பவர் கேட்பார். கேட்க வேண்டும்.

விதைக்குக் கணக்கு ஈஸி

விதை ஆராய்ச்சிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். 1958-லேயே ஸ்வி கிரிலிகெஸ் என்ற பொருளாதார நிபுணர் அமெரிக்காவின் ஒட்டுரக மக்காச்சோளத்துக்குக் கணக்குப் போட்டுவிட்டார். ஆராய்ச்சியில் போட்ட 1 டாலருக்கு வருஷம் 7 டாலர் வீதம் வருகிறது என்றார். 700 சதவிகிதம்! அந்தத் துறையில் இன்றைக்கும் கிளாசிக் அதுதான். 1966-ல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐ.ஆர்.8 நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரகம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை, புது ரகம் எத்தனை மூட்டை, எத்தனை ஏக்கரில் போட்டார்கள்... கழித்தல், பெருக்கல், முடிஞ்சது.

கொள்கை ஆராய்ச்சிக்கு இந்தச் சுகம் கிடையாது. மூன்று முடிச்சு இருக்கிறது. முதல் முடிச்சு: யாரால் நடந்தது? அமைச்சர் கையெழுத்துப் போட்டதற்கு இந்த ரிப்போர்ட் காரணமா, தேர்தல் காரணமா, கடன் கொடுத்தவரின் நெருக்கடி காரணமா? ஜெயித்த மேட்ச்சில் சிக்ஸர் அடித்தவன், ரன் அவுட் செய்தவன், டாஸ் ஜெயித்த கேப்டன் எல்லோரும், 'என்னாலதான்டா' என்று சொல்வார்கள் இல்லையா, அந்தக் கதை. இரண்டாவது முடிச்சு: ரிப்போர்ட் வராமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடக்காத ஒன்றை எப்படி அளப்பது? மூன்றாவது முடிச்சு: மாற்றம் எவ்வளவு நாள் நிற்கும்?

இந்த முடிச்சுகளை எப்படி அவிழ்க்கப் பார்த்தார்கள் என்பதற்கு நம் பக்கத்து நாடு ஒன்றில் அருமையான கதை இருக்கிறது.

பங்களாதேஷ்: ஓட்டைப் பானையும் பள்ளிக்கூடமும்

பங்களாதேஷ் கிராமங்களில் 'பல்லி ரேஷன்' என்று ஒரு திட்டம் இருந்தது. 'பல்லி' என்றால் வங்காளத்தில் கிராமம். நம்ம ஊர்ப் 'பட்டி' மாதிரி. ஏழைகளுக்கு மலிவு விலையில் தானியம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செலவு வருஷத்துக்குச் சுமார் 6 கோடி டாலர்.

1989 முதல் வாஷிங்டனைச் சேர்ந்த சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு ஒன்று டாக்காவில் உணவு அமைச்சகத்தோடு சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது. 1975-ல் தொடங்கிய நிறுவனம் இது. அந்தக் குழுவில் அக்தர் அகமது என்ற பங்களாதேஷ் ஆய்வாளர், பல்லி ரேஷன் தானியம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தார். கிடங்கிலிருந்து கிளம்பிய தானியத்தில் சுமார் 70 சதவிகிதம் ஏழை வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. நடுவிலேயே அம்பேல்! 1992-ல் அரசாங்கம் திட்டத்தை இழுத்து மூடியது.

இங்கே கொஞ்சம் நிறுத்துவோம். வீட்டுக்கு வீடு ரேஷன் கார்டு வைத்திருக்கிற தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது வயிறு கலங்குகிறதுதானே? 70 சதவிகிதம் ஒழுகியது சரி, மீதி 30 சதவிகிதம் யாரோ ஒரு ஏழை வீட்டில் சாதமாகியிருக்கும். பானையில் ஓட்டை என்றால் பானையை அடைக்கலாம், உடைக்கவும் செய்யலாம். 70 என்ற எண்ணை ஆராய்ச்சி கொடுக்கும். அடைப்பதா, உடைப்பதா என்று முடிவெடுப்பது அரசியல். அதனால் 'மிச்சமானது 6 கோடி டாலர்' என்று ஆராய்ச்சியின் வரவுப் பக்கத்தில் எழுதிவிட்டுப் போய்விட முடியாது. அந்தப் பணம் அடுத்து எங்கே போனது என்று பார்த்தால்தான் கணக்கு முடியும்.

போனது நல்ல இடத்துக்கு. 1993 ஜூலையில் 'கல்விக்கு உணவு' என்ற திட்டம் வந்தது. பின்தங்கிய பகுதிகளில் நிலம் இல்லாதவர்கள், தினக்கூலிகள், பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள், மீன்பிடிப்பவர்கள், நெசவாளிகள், குயவர்கள் என்று ஏழைக் குடும்பங்களைப் பார்த்து எடுத்தார்கள். ஒரு பிள்ளையைத் தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினால் மாதம் 15 கிலோ கோதுமை அல்லது 12 கிலோ அரிசி. ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்பினால் 20 கிலோ கோதுமை அல்லது 16 கிலோ அரிசி. கண்டிஷன் ஒன்றே ஒன்று. பிள்ளைக்கு 85 சதவிகிதம் அட்டெண்டன்ஸ் இருக்க வேண்டும். (75-க்கே தாளம் போடுகிற நம்மை நினைத்தால் சிரிப்பு வருகிறது!) நம்ம சத்துணவில் சாப்பாடு பள்ளிக்கூடத்திலேயே தட்டில் விழும். அங்கே தானியம் வீட்டுக்குப் போகும். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டிய பிள்ளை பள்ளிக்குப் போனால் வீட்டுக்கு நஷ்டம் இல்லையா, அதை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு.

பலித்ததா? அதே நிறுவனம் பின்னால் போய் ஆராய்ந்தது. திட்டம் இருந்த பள்ளிகளில், அது வருவதற்கு முந்தைய வருஷத்தையும் வந்த பிந்தைய வருஷத்தையும் ஒப்பிட்டால், சேர்க்கை 35 சதவிகிதம் ஏறியிருந்தது. பெண் குழந்தைகள் மட்டும் என்றால் 44 சதவிகிதம். திட்டம் இல்லாத அரசுப் பள்ளிகளில் ஏற்றம் வெறும் 2.5 சதவிகிதம். வருகைப்பதிவு அங்கே 58 சதவிகிதம், இங்கே 70. எல்லாம் ஜோர்தான். ஆனால், கூட்டம் ஏறியதற்கு ஏற்ப வாத்தியார்கள் ஏறவில்லை. வகுப்பறைகள் பிதுங்கின, படிப்பின் தரம் கவலைக்கிடம். 2002-ல் தானியத்துக்குப் பதில் மாதம் 100 டாக்கா ரொக்கம் என்று திட்டம் மாறியது. ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் 125 டாக்கா.

இப்போது முதல் முடிச்சுக்கு வருவோம். இதில் ஆராய்ச்சிக்கு எத்தனை மார்க்? 1991-ல்தான் பங்களாதேஷில் ராணுவ நிழல் விலகி, தேர்ந்தெடுத்த அரசு வந்திருந்தது. உதவி நாடுகள் உணவு மானியத்தைக் குறைக்கச் சொல்லி அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்தன. தனியார் தானிய வியாபாரம் வளர்ந்திருந்தது. ரிப்போர்ட் வராவிட்டாலும் பல்லி ரேஷனுக்கு என்றைக்காவது ஒருநாள் மூடுவிழா நடந்திருக்கலாம். ஆனால், 'என்றைக்காவது' என்பது எப்போது? வருஷத்துக்கு 6 கோடி என்றால் மாதத்துக்கு 50 லட்சம் டாலர். அதில் 70 சதவிகிதம் ஒழுகுகிறது என்றால், ஒரு மாதத் தாமதத்துக்கு 35 லட்சம் டாலர் யாரோ ஒரு புண்ணியவானின் பைக்குள்! முடிவை ஆறு மாதம் முன்னால் இழுத்திருந்தால்கூட 2 கோடி டாலருக்கு மேல் வருகிறது.

பிடிச்சீங்களா பாயின்ட்டை? 'இந்த மாற்றம் என்னாலதான்' என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டியதில்லை. 'எவ்வளவு முன்னாடி நடந்தது?' என்று கேட்டால் போதும். இந்தக் கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்டு கிளம்பியவர் ஜேம்ஸ் ரயான்.

வியட்நாம்: துணிச்சலுக்கு விலை என்ன?

ரயான் ஆஸ்திரேலியப் பொருளாதார நிபுணர். நமக்குக் கொஞ்சம் தெரிந்த இடத்துக்காரர்தான். ஹைதராபாத் பக்கத்தில் பட்டன்செருவில் இருக்கிற இக்ரிசாட் நிறுவனத்தின் தலைமை இயக்குநராக 1991 முதல் 1997 வரை இருந்தவர். அவர் கணக்குப் போடப் போன இடம் வியட்நாம்.

1986-ல் சீர்திருத்தம் தொடங்கிய வியட்நாம், 1989-ல் பெரிய அளவில் அரிசி ஏற்றுமதிக்குத் திரும்பியது. ஆனால், ஒரு பயம் விடவில்லை. தெற்கே மீகாங் டெல்டாவில் விளைகிற அரிசி எல்லாம் கப்பலேறிவிட்டால் வடக்கே இருக்கிறவன் என்ன சாப்பிடுவான்? அதனால் ஏற்றுமதிக்கு வருஷா வருஷம் கோட்டா. ஏற்றுமதி செய்ய அரசு கம்பெனிகளுக்கு மட்டுமே அனுமதி. உள்நாட்டுக்குள் அரிசியைக் கொண்டுபோகவும் கட்டுப்பாடு.

1990-களின் நடுவில், பங்களாதேஷில் நாம் பார்த்த அதே வாஷிங்டன் நிறுவனம் வியட்நாமியர்களோடு சேர்ந்து ஒரு மாடல் கட்டியது. நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு விளைச்சல், எவ்வளவு தேவை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுபோக எவ்வளவு செலவு என்று போட்டார்கள். எலெக்ட்ரிக்கல் மக்களுக்கு இது நோட், பிராஞ்ச், கரன்ட் மாதிரி. ரெசிஸ்டன்ஸைக் குறைத்தால் கரன்ட் எங்கே பாயும்? கோட்டாவை எடுத்தால் நெல்லுக்கு விலை ஏறும். வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குச் சிரமம்தான். ஆனால், ஏழைகளில் பெரும்பாலோர் நெல் விளைவிக்கிற கிராமத்து ஆட்கள் என்பதால் மொத்தத்தில் வறுமை கூடாது என்று மாடல் சொன்னது. உள்நாட்டுக் கட்டுப்பாட்டை எடுத்தால் தெற்கிலிருந்து வடக்குக்கு அரிசி சுலபமாகப் போகும் என்றும் சொன்னது. 1997-ல் அரசு கோட்டாவை உயர்த்தி, உள்நாட்டுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது.

1999-ல் ரயான் எழுதிய மதிப்பீட்டின் மையம், 'ஆய்வு இல்லாவிட்டால் இந்த முடிவு எவ்வளவு தள்ளிப் போயிருக்கும்?' என்ற கேள்விதான். நாடு ஏற்கெனவே அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது. பயம்தான் பிரேக். அந்த பயத்துக்குப் புள்ளிவிவரத்தால் பதில் சொன்னதுதான் ஆய்வு செய்த வேலை. லட்சக்கணக்கான டன் அரிசி சம்பந்தப்பட்ட இடத்தில் முடிவு கொஞ்சம் முன்னால் வந்தாலே ஆய்வுக்குச் செலவான காசு பல மடங்காகத் திரும்பிவிடும்.

அப்ப தப்பான அட்வைஸுக்கு யார் பில் கட்டுறது?

இதுவரை சொன்னதெல்லாம் ஜெயித்த கதை. தோற்ற கதையை யாராவது எழுதுகிறார்களா? ரொம்பக் குறைவு. அங்கேதான் இந்தத் துறையின் பெரிய ஓட்டை. கேம்பஸ் இன்டர்வியூவில் பிளேஸ் ஆனவர்களின் போட்டோவை மட்டும் கல்லூரி வாசலில் பேனராக வைப்பது மாதிரி, பலித்த ஆராய்ச்சியை மட்டும் எடுத்து அளந்தால் லாபம் கொட்டத்தான் செய்யும்.

மலாவியைப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் சின்ன நாடு, மக்காச்சோளம்தான் அவர்களுக்குச் சாப்பாடு. 'உர மானியம் வீண், சந்தை பார்த்துக்கொள்ளும்' என்று உதவி நாடுகளும் உலக வங்கியும் வருஷக்கணக்கில் பாடம் எடுத்தன. 2005-ல் மழை பொய்த்தது. விளைச்சல் சுமார் 12 லட்சம் டன்னில் முடங்கியது. சுமார் 50 லட்சம் பேருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. அப்போதைய அதிபர் பிங்கு வா முத்தாரிகா, நிபுணர்கள் பேச்சை ஓரம் கட்டிவிட்டு உரத்துக்கும் விதைக்கும் மானியம் கொடுத்தார். அடுத்த வருஷம் விளைச்சல் இரண்டு மடங்கைத் தாண்டியது! அந்த வருஷம் மழையும் கைகொடுத்தது என்பதையும், பின்னாளில் அந்த மானியம் பட்ஜெட்டைக் கடித்துத் தின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. நல்ல அறிவுரையின் லாபத்தை டாலரில் எழுதுகிறவர்கள், தவறிப்போன அறிவுரையின் நஷ்டத்தையும் அதே நோட்டில் எழுத வேண்டாமா?

மறுபடி கென்யா... 2039 ஞாபகம் இருக்கா?

மூன்றாவது முடிச்சு பாக்கி இருக்கிறது. மாற்றம் எவ்வளவு நாள் நிற்கும்?

விதை ஒரு தடவை விவசாயி கைக்குப் போனால் அவர் விரும்புகிற வரை அவரோடு இருக்கும். கொள்கை அப்படி இல்லை. அது ஒரு கையெழுத்து. அடுத்த கையெழுத்து அதை அழித்துவிடும். அந்த வியட்நாமே 2008-ல் உலகச் சந்தையில் அரிசி விலை எகிறியபோது, புதிய ஏற்றுமதி ஒப்பந்தங்களைச் சில மாதம் நிறுத்திவைத்தது. பழைய பயம், புது வருஷம்!

கென்யாவில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. 23 கோடி டாலர் கணக்கு 2039 வரை நீள்கிறது என்று பார்த்தோம். ஆனால், 2020-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஆய்வு நிறுவனம் ஒன்றும் அதே கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது, படம் வேறு மாதிரி தெரிந்தது. பயிற்சி கொடுத்து லைசென்ஸ் கொடுக்கும் ஏற்பாடு நாடு முழுக்க வேர்விடவில்லை. திட்டப் பணம் நின்றதும் பயிற்சியும் சுருங்கியது. அதிகாரிகளின் பார்வை மறுபடி பதப்படுத்திய பால் பக்கம் திரும்பியது. நைரோபித் தெருக்களில் காசு போட்டால் பால் ஊற்றும் 'மில்க் ஏ.டி.எம்.'கள் வந்தன. சின்ன வியாபாரிக்குப் பழைய தொல்லைகள் சில இடங்களில் திரும்பி வந்தன.

அப்படியானால் முதல் கணக்கு பொய்யா? அப்படியும் சொல்ல முடியாது. போலீஸைப் பார்த்து ஓடாமல் பால் விற்ற ஒவ்வொரு நாளும் அந்த சைக்கிள்காரருக்கு நிஜமான நாள்தான். அன்றைக்குக் கொட்டாத பால் நிஜமான பால்தான். 2004-ல் எடுத்த முடிவு 2039 வரை ஆடாமல் அசையாமல் நிற்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். பாலத்தைக் கட்டிவிட்டு, 'நூறு வருஷம் தாங்கும்' என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்தால் மட்டும் போதாது இல்லையா? வருஷா வருஷம் போய் விரிசல் பார்க்க வேண்டும். சிவில் மக்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. கென்யாவில் கற்ற பாடத்தை வைத்து அதே நிறுவனம் அஸ்ஸாமில் பால்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் முயற்சியில் இறங்கியது. கைப்பக்குவம் சொல்லிக்கொடுத்து சந்தைக்குள் இழுத்துக்கொள்வது என்ற அதே ஐடியா. ஆராய்ச்சியின் பலனை ஒரு நாட்டுக்குள் மட்டும் தேடக் கூடாது என்பதற்கும் இது சாட்சி.

கேள்வி கேட்கலாம் வாங்க!

யாராவது ஒரு ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, 'இதனால இத்தனை கோடி லாபம்' என்றால் உடனே கை தட்டாதீர்கள். இந்த ஐந்தைக் கேளுங்கள்.

1. ரிப்போர்ட் வருவதற்கு முன்பே காற்று அந்தப் பக்கம் வீசிக்கொண்டிருந்ததா?

2. ரிப்போர்ட்டால் முடிவு எத்தனை மாதம், எத்தனை வருஷம் முன்னால் வந்தது?

3. லாபம் யாருக்கு? நஷ்டப்பட்டவர் யார், அவர் இந்தக் கணக்கில் இருக்கிறாரா?

4. கணக்குப் போட்டவர் யார்? ஆராய்ச்சி செய்த அதே நிறுவனமா, வெளி ஆளா? (மேலே சொன்னவற்றில் பாதிக் கணக்கு சொந்த வீட்டுக் கணக்குதான். அதனால் பொய்யாகிவிடாது. இரண்டாவது தடவை சரிபார்க்க வேண்டும், அவ்வளவே.)

5. அந்த மாற்றம் இன்றைக்கும் நிற்கிறதா? கடைசியாகப் போய்ப் பார்த்தது எப்போது?

இதெல்லாம் பொருளாதாரம் படிக்கிறவர்கள் பிரச்னை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஃபைனல் இயரில் நாமெல்லாம் புராஜெக்ட் ரிப்போர்ட் போடுகிறோம். தங்க எழுத்தில் அட்டை, நாலு காப்பி பைண்டிங், வைவா முடிந்ததும் டிபார்ட்மென்ட் அலமாரி. அதைப் படித்துவிட்டு உலகத்தில் யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றை மாற்றிச் செய்வாரா? கென்யாவில் அந்தக் குழு ஜெயித்ததற்குக் காரணம் எழுதியது மட்டும் இல்லை. பால் வாரியத்தின் கதவைத் தட்டினார்கள், வியாபாரியையும் அதிகாரியையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள், எதிர்ப்பிரசாரம் வந்தபோது டேட்டாவோடு நின்றார்கள். திட்டம் முடிந்து அவர்கள் கிளம்பிய பிறகு அந்த இடத்தில் நிற்க ஆள் குறைந்தது. மாற்றமும் தேய்ந்தது.

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். உதவுகிறது, கணக்கு இருக்கிறது. ஒரே ஒரு கண்டிஷன்தான் மக்களே... ஏட்டை எழுதினவன் அடுப்படி வரைக்கும் வரணும். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள அங்கேயே யாராவது இருக்கணும்!